கைமாறி வரும் டேப்லெட்டும் அதன் பழைய கணக்கும்

சென்ற தை மாதத்தில் நமது அங்கத்தினர் ஒருவர், பிறர் உபயோகித்துக் கைமாறி வந்த டேப்லெட் ஒன்றை ரூ.4,500 கொடுத்து வாங்கினார். அவர் வீட்டில் இரண்டு தறிகள் ஓடுகின்றன. சேலையின் முந்தியையும் கரையையும் வாங்க வருவோருக்குப் பெரிய படமாகக் காட்டுவதற்கும், பள்ளியில் பயிலும் மகளின் பாடங்களுக்கும் ஒரே சாதனம் உதவும் என்பது அவரது எண்ணம். எண்ணத்தில் குறையில்லை. ஆனால் வாங்கும்போதே அதன் திரை பூட்டியிருந்தது. "பழைய சொந்தக்காரர் போட்ட பூட்டு; ரீசெட் செய்தால் போய்விடும்" என்றார் கடைக்காரர். அங்கத்தினரும் நம்பி வந்தார். உறவினர் பையன் ஒருவன் பக்கவாட்டுப் பொத்தான்களை அழுத்திப் பிடித்து, அதிலிருந்த யாவற்றையும் அழித்துக் கொடுத்தான். திரைப்பூட்டு போயிற்று. வரவேற்பு வாசகம் வந்தது. மொழியைத் தேர்ந்து, வலை இணைப்பையும் கொடுத்த பின்னர், இச்சாதனத்தில் முன்பு இருந்த கணக்கைக் கொண்டு உள்ளே நுழைக என்று அது கேட்டு நின்றது. அந்தக் கணக்கு யாருடையது என்று அவருக்குத் தெரியாது. கடைக்காரரோ, விற்ற பொருளைத் திரும்ப வாங்குவதில்லை என்று கூறிவிட்டார்.

அங்கத்தினரின் பத்து நாள் உழைப்பு இவ்வாறு ஒரு கண்ணாடிப் பலகையாகச் சங்க அலுவலக மேஜையின்மேல் வந்து கிடந்தது. அதன் வழியைத் தேடப் புகுந்தபோது நாம் அறிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம். இன்று நெசவாளர் வீடுகளிலும் உழவர் வீடுகளிலும் இத்தகைய சாதனங்கள் விலைக்கு வருவதும் போவதும் மிகுந்துவிட்டன. உழவன் செயலியில் விலை பார்ப்பதற்கும், வங்கிக் கணக்கைக் கவனிப்பதற்கும், வடிவங்களைச் சேர்த்து வைப்பதற்கும் இவற்றை உபயோகிக்கிறோம். ஆதலின் விற்கும் அங்கத்தினரும் வாங்கும் அங்கத்தினரும் இவ்விஷயத்தை ஒருமுறை தெளிவாக அறிந்துகொள்ளுதல் நன்று.

ரீசெட் என்பது யாது?

சாதனம் ஆலையிலிருந்து வெளிவந்தபோது எந்நிலையில் இருந்ததோ அந்நிலைக்கு அதனைத் திருப்புவதை 'ஃபாக்டரி ரீசெட்' என்கின்றனர். நாம் சுருக்கமாக ரீசெட் என்றே வழங்குவோம். பாவு முடிந்ததும் நாம் செய்வது என்ன? பழைய பாவின் நுனிகளை அச்சிலும் விழுதிலும் விட்டு வைத்து, புதிய பாவின் இழைகளை அவற்றோடு ஒவ்வொன்றாகப் பிணைக்கிறோம். பழையதன் தொடர்ச்சியாகவே புதியது ஓடுகிறது. ரீசெட் அத்தகையதன்று. அது பழைய பாவை நுனி முதற்கொண்டு அறுத்து இறக்கிவிட்டு, வெறுந்தறியை நிறுத்துவதற்கு ஒப்பாகும். படங்கள், கடிதங்கள், தொலைபேசி எண்கள், பிற்பாடு சேர்த்த செயலிகள், அவற்றுள் இருந்த கணக்குகள், வலை இணைப்பின் கடவுச்சொற்கள் ஆகிய யாவும் போய்விடும்.

தறி மட்டும் நிற்கும். அதாவது, சாதனத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள் அழியாது. இதில் பலருக்கு ஒரு மயக்கம் உண்டு. ஆலையிலிருந்து வந்தபோது ஆண்ட்ராய்டு 9-ஆம் பதிப்பு இருந்து, பின்னர் அது 11-ஆம் பதிப்பாக உயர்த்தப்பட்டிருந்தால், ரீசெட் செய்த பின்னரும் 11-ஆம் பதிப்பே இருக்கும். வெறுந்தறியான பின்னும், இடையில் வாங்கி ஏற்றிய ஜக்கார்டு பெட்டி தறியின்மேலேயே இருப்பது போன்றது இது.

தனியே செருகப்படும் நினைவக அட்டையைப் பெரும்பாலான சாதனங்களில் ரீசெட் தொடுவதில்லை. சிம் அட்டையையும் அவ்வாறே. இவ்விரண்டையும் கையால் எடுத்துவிட வேண்டும். ரீசெட் செய்துவிட்டோம் என்ற நிம்மதியில் நினைவக அட்டையோடு சாதனத்தைக் கொடுத்துவிட்டுப் பிறகு வருந்தியவர்களை நாம் அறிவோம்.

பட்டா மாறாத நிலம்

இனி அந்தப் பூட்டின் விஷயத்திற்கு வருவோம். ஒருவர் நிலம் வாங்குகிறார். வேலியைப் பிடுங்கி, பழைய பயிரை அழித்து, புதிதாக உழுதும் விடுகிறார். ஆனால் பட்டா பழையவர் பெயரிலேயே இருக்கிறது. உழுததனால் நிலம் இவருடையதாகிவிடுமா? டேப்லெட்டின் நிலையும் ஏறக்குறைய இதுவே. உள்ளிருக்கும் யாவற்றையும் அழித்த பின்னரும், இச்சாதனம் இன்னாருடைய கணக்கைச் சேர்ந்தது என்னும் குறிப்பு வேறோர் இடத்தில் நிற்கிறது. ஆண்ட்ராய்டு சாதனங்களில் இந்த ஏற்பாடு 2015-ஆம் ஆண்டில் 5.1-ஆம் பதிப்போடு வந்தது. ஆப்பிள் கம்பெனி ஐபேடுகளிலும் ஐபோன்களிலும் இதனை 2013-ஆம் ஆண்டிலேயே ஏழாம் பதிப்போடு கொணர்ந்துவிட்டது. அங்கே அதனை 'ஆக்டிவேஷன் லாக்' என்பர். ஐபேடைப் பொறுத்தவரை அக்குறிப்பு சாதனத்தினுள் அன்று, அக்கம்பெனியின் கணிப்பொறிகளிலேயே இருக்கிறது. ஆதலால் சாதனத்தை எத்தனை முறை அழித்தாலும் அது போகாது.

இந்தத் தொல்லை எதற்கு என்று சிலர் சினந்து கொள்ளலாம். திருடர்களை நினைத்தே இது செய்யப்பட்டது. முன்பெல்லாம் திருடிய சாதனத்தைப் பொத்தான் அழுத்தி அழித்து, அன்று மாலையே சந்தையில் விற்றுவிட முடிந்தது. இன்று அவ்வாறு விற்பது எளிதன்று. எனவே இப்பூட்டு சொந்தக்காரருக்குப் பாதுகாப்பு. நேர்மையாக விலை கொடுத்து வாங்கியவருக்கு மட்டும், முன்னவர் தம் கடமையை மறந்துவிட்ட காரணத்தால், அது வில்லங்கமாக முடிகிறது.

இங்கே முக்கியமாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. ரீசெட் செய்வதற்கு இரு வழிகள் உள்ளன. முதலாவது, சாதனத்தைத் திறந்து, 'செட்டிங்ஸ்' என்னும் அமைப்புகளின் வழியே செல்வது. இரண்டாவது, சாதனத்தை அணைத்துவிட்டு, மின் பொத்தானையும் ஒலிப் பொத்தானையும் சேர்த்து அழுத்திப் பிடித்து, 'ரெக்கவரி' என்னும் திரையை வரவழைத்து அங்கிருந்து அழிப்பது. முதல் வழியில் செல்பவர் பூட்டைத் திறக்க அறிந்தவர். ஆகவே சொந்தக்காரர் என்று சாதனம் ஒப்புக்கொள்கிறது. இரண்டாம் வழியில் வருபவரை அது ஐயுறுகிறது. பழைய கணக்கைக் கேட்கிறது. நமது அங்கத்தினரின் வீட்டுப் பையன் செய்தது இரண்டாவது வழி. அதைத் தவிர அவனுக்கு வேறு வழியும் இருக்கவில்லை என்பது உண்மையே. பிழை அவனிடம் இல்லை. பூட்டிய சாதனத்தை விற்ற இடத்திலும், வாங்கிய இடத்திலும்தான் அது இருக்கிறது.

உழுத பின்னும் முளைக்கும் கோரை

விற்கும் அங்கத்தினர் கேட்கும் முதற்கேள்வி இது: ரீசெட் செய்துவிட்டால் என்னுடைய படங்களையும் கடிதங்களையும் மற்றொருவர் மீட்டெடுக்க முடியுமா?

உழவர்க்குக் கோரையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மேலே உழுதுவிட்டால் வயல் துப்புரவாகத் தோன்றுகிறது. அடியில் கிழங்கு கிடக்கிறது. நீர் பாய்ந்ததும் முளைத்து வருகிறது. பழைய சாதனங்களில் அழித்தல் என்பது இத்தகையதாகவே இருந்தது. இவற்றில் உள்ள நினைவகச் சில்லில் ஒரு சிறு இடத்தை மட்டும் தனியே அழித்து எழுத முடியாது. ஒரு பெரும்பாத்தியாகவே அழிக்க வேண்டும். அதற்கு நேரமும் தேய்மானமும் உண்டாகும். ஆதலின் சாதனம், 'இவ்விடம் காலி' என்று பெயர்ப் பட்டியலில் குறித்துக்கொண்டு, உள்ளிருந்ததை அப்படியே விட்டுவிடும். பட்டியல்தான் அழிந்தது, பொருள் அழியவில்லை.

இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லாரன்ட் சைமன், ராஸ் ஆண்டர்சன் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் இதனைச் சோதித்து 2015-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஐந்து கம்பெனிகளின் தயாரிப்புகளான, கைமாறி வந்த 21 ஆண்ட்ராய்டு கைபேசிகளை அவர்கள் ஆராய்ந்தனர். அவை 2.3 முதல் 4.3 வரையிலான பதிப்புகளைக் கொண்டவை. ரீசெட் செய்த பின்னரும் அவற்றிலிருந்து கடிதங்களையும் தொடர்பு எண்களையும், கணக்கினுள் நுழைவதற்கு உதவும் குறிப்புகளையும்கூட மீட்க முடிந்தது. அவை கைபேசிகளாயினும், அதே பதிப்புகளில் ஓடிய டேப்லெட்டுகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும்.

இதற்குக் கண்ட பரிகாரம், எழுதும்போதே மறைகுறியாக எழுதுவது. ஜக்கார்டு அட்டைகளை எண்ணிக் கோத்த வரிசையில்தான் பூ விழும். அட்டைகள் யாவும் கைவசம் இருந்தும் வரிசை தெரியாவிட்டால், ஆயிரக்கணக்கான துளைகள் மட்டுமே மிஞ்சும். அன்னமும் வாராது, மாங்காயும் வாராது. மறைகுறியாக எழுதும் சாதனம், தான் எழுதியவற்றுக்குரிய திறவுகோலைத் தனியே ஓரிடத்தில் வைத்துக்கொள்கிறது. ரீசெட் செய்யும்போது அந்தத் திறவுகோலை அழித்துவிடுகிறது. பின்னர் அடியில் எஞ்சிக் கிடப்பதை எவர் தோண்டினாலும் பயனில்லை. ஐபேடுகளில் இவ்வேற்பாடு தொடக்கம் முதலே உண்டு. ஆண்ட்ராய்டில், 2015-ஆம் ஆண்டின் 6.0-ஆம் பதிப்போடு விற்பனைக்கு வந்த, போதிய வேகமுள்ள புதுச் சாதனங்களுக்கு இது கட்டாயமாயிற்று. 2019-ஆம் ஆண்டின் 10-ஆம் பதிப்போடு வெளிவந்த புதுச் சாதனங்கள் அனைத்துக்குமே கட்டாயமாயிற்று.

ஆகவே அங்கத்தினர்கள் தம் சாதனத்தின் பதிப்பை முதலில் பார்த்துக்கொள்க. அமைப்புகளின் இறுதியில், சாதனத்தைப் பற்றிய பகுதியில் அது குறிக்கப்பட்டிருக்கும். பழைய பதிப்பாயின், பாதுகாப்புப் பகுதியில் 'என்கிரிப்ட்' என்னும் மறைகுறியாக்கும் வசதி உள்ளதா என்று பார்த்து, இருந்தால் முதலில் அதனைச் செய்வித்து, பின்னர் ரீசெட் செய்தல் வேண்டும். மிகப் பழைய சாதனமாகி அவ்வசதியும் இல்லையெனில், அதில் வங்கிக் கணக்கோ ஆதார் படமோ என்றேனும் இருந்திருந்தால், அதனை விற்காமல் இருப்பதே மேல் என்பது நமது கருத்து. அதற்குக் கிடைக்கும் ஐந்நூறு ரூபாய் அத்துணை பெரிதன்று.

விற்போர் செய்ய வேண்டுவன

முதலில் வேண்டியவற்றைக் காத்துக்கொள்க. இதனை அவசரத்தில் செய்யலாகாது. நெசவாளர்கள் எடுத்து வைத்த வடிவப் படங்கள் பல ஆண்டுச் சேகரிப்பு. அவை போனால் திரும்பவும் வருவதற்கில்லை. கூகுள் கணக்கில் 15 ஜி.பி. வரையிலும், ஆப்பிள் கணக்கில் 5 ஜி.பி. வரையிலும் கட்டணமின்றிச் சேமிக்கலாம். ஆயினும் அங்கே ஏறிவிட்டது என்று நம்பி விட்டுவிடாமல், வேறொரு சாதனத்தில் அக்கணக்கைத் திறந்து, படங்கள் உண்மையாகவே வந்துள்ளனவா என்று கண்ணால் கண்ட பிறகே மேலே செல்லுதல் வேண்டும். கணக்கிற்குச் சேராமல் சாதனத்தின் உள்ளறையிலேயே தங்கிவிட்ட கோப்புகள் பெரும்பாலும் இருக்கும். அவற்றைக் கணிப்பொறிக்கோ பேனா டிரைவுக்கோ மாற்றிக்கொள்ளலாம். சாதனத்தின் அமைப்புகளையும் செயலிப் பட்டியலையும் கூகுள் தானே படியெடுத்து வைப்பதுண்டு. ஆனால் அச்சாதனம் 57 நாட்கள் உபயோகிக்கப்படாமல் இருந்தால் அப்படி அழிக்கப்படலாம் என்பதையும் நினைவிற் கொள்க.

வங்கிச் செயலிகளையும், பணம் அனுப்பும் செயலிகளையும் திறந்து, இச்சாதனத்திலிருந்து விலகிக்கொள்க. பின்னர் கணக்குகளை நீக்குக. அமைப்புகளில் கணக்குகள் என்னும் பகுதிக்குச் சென்று, ஒவ்வொரு கணக்கையும் தொட்டு நீக்க வேண்டும். சாம்சங் சாதனமாயின், கூகுள் கணக்கோடு சாம்சங் கணக்கும் ஒன்று இருக்கக்கூடும். அதனையும் நீக்க வேண்டும். ஐபேடாயின், அமைப்புகளின் உச்சியில் உள்ள பெயரைத் தொட்டு, 'ஃபைண்ட் மை' என்பதை அணைத்து, கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். அப்போது கணக்கின் கடவுச்சொல்லை அது கேட்கும். கடவுச்சொல்லை மறந்தவர்கள் முன்னதாகவே அதனை மாற்றிக்கொள்க. கூகுள் கடவுச்சொல்லைப் புதிதாக மாற்றியவர்கள் 24 மணி நேரம் பொறுத்துப் பின்னர் ரீசெட் செய்தல் வேண்டும். உடனே செய்தால், பிறகு அக்கணக்கைக் கேட்கும்போது புதுக் கடவுச்சொல்லை அது ஏற்றுக்கொள்ளாது போகலாம்.

இவை முடிந்தால், எஞ்சியது எளிது. நினைவக அட்டையையும் சிம் அட்டையையும் எடுத்துவிட்டுச் சார்ஜரில் செருகி வைத்துக்கொள்க. இடையில் மின்கலம் தீர்ந்துபோனால் இடர்ப்பாடு உண்டாகும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு சாதனங்களில் அமைப்புகள், சிஸ்டம், ரீசெட் என்னும் வரிசையிற் சென்றால், யாவற்றையும் அழிக்கும் கட்டளை இருக்கும். சாம்சங்கில் அது 'ஜெனரல் மேனேஜ்மென்ட்' என்பதனுள் இருக்கும். ஐபேடில் ஜெனரல் என்பதனுள், இறுதியில், 'ட்ரான்ஸ்ஃபர் ஆர் ரீசெட்' என்றிருக்கும். அமேசான் ஃபயர் டேப்லெட்டில் 'டிவைஸ் ஆப்ஷன்ஸ்' என்பதனுள் காணலாம். கம்பெனிக்குக் கம்பெனி இடம் மாறுமாதலின், அமைப்புகளின் மேற்புறத்திலுள்ள தேடும் கட்டத்தில் ரீசெட் என்று ஆங்கிலத்தில் எழுதித் தேடுவதே சுலபம். கட்டளை கொடுத்தபின் சில நிமிஷங்கள் முதல் ஒரு மணி நேரம் வரையிற்கூட ஆகலாம். நடுவில் பொத்தான்களை அழுத்துதல் கூடாது. மொழியைத் தேர்ந்தெடுக்கும் வரவேற்புத் திரை வந்ததும், அங்கேயே நிறுத்தி அணைத்துவிடுக. மேலே செல்லுதல் வாங்குபவர் பொறுப்பு.

விற்றுவிட்ட பின்னர் இவை நினைவுக்கு வந்தால் என் செய்வது? ஐபேடாயின், வேறொரு சாதனத்திலிருந்து ஐகிளவுட் தளத்தினுள் சென்று, அதனை அழித்துத் தம் கணக்கிலிருந்து நீக்கிவிடலாம். வாங்கியவர் எந்த ஊரில் இருந்தாலும் பூட்டு விலகும். ஆண்ட்ராய்டில் தொலைவிலிருந்தே அழிக்கும் வசதி உண்டெனினும், அவ்வாறு அழித்தால் உள்ளிருப்பவை போகுமேயன்றிப் பூட்டு விலகாது போகலாம். ஆதலால் வாங்கியவரோடு பேசி, அவர் கையில் சாதனம் திறந்திருக்கும்போதே கணக்கை நீக்கச் செய்வது நன்று. எவ்வாறாயினும் கடவுச்சொல்லை அன்றே மாற்றிவிடுக.

வாங்குவோர் பார்க்க வேண்டுவன

வாங்குவோருக்கு நாம் கூறுவது சுருக்கமானது. பூட்டிய சாதனத்தை எவ்வளவு குறைந்த விலைக்கும் வாங்க வேண்டாம். திறந்திருக்கும் சாதனத்தை, விற்பவர் கையாலேயே, உங்கள் கண் முன்னிலையில், அமைப்புகளின் வழியே ரீசெட் செய்யச் சொல்லுங்கள். வரவேற்புத் திரை வந்தவுடன் பணத்தை எண்ணிக் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் கைபேசியின் வலை இணைப்பை அதற்குக் கொடுத்து, முகப்புத் திரை வரும் வரையிலும் செல்லுங்கள். பழைய கணக்கை அது கேட்பதானால், வலை இணைப்பைப் பெற்ற பிறகே கேட்கும் என்பதை மறவாதீர்கள். கால் மணி நேரம் கடைக்காரரின் முகம் சுளித்தாலும் பாதகமில்லை.

வேறொரு வில்லங்கமும் உண்டு. பள்ளிகளும் கம்பெனிகளும் தம் மாணவர்க்கும் ஊழியர்க்கும் வழங்கிய டேப்லெட்டுகள் சில சமயம் விலைக்கு வருகின்றன. அவற்றில் அந்நிறுவனத்தின் நிர்வாக ஏற்பாடு பதிந்திருக்கும். ரீசெட் செய்து வலையில் இணைத்ததும், இச்சாதனம் இன்ன நிறுவனத்தால் நிர்வகிக்கப்படுகிறது என்று அறிவித்து, பழைய கட்டுப்பாடுகளைத் தானே திரும்ப ஏற்றிக்கொள்ளும். அந்நிறுவனம் தன் பட்டியலிலிருந்து நீக்கினாலன்றி அது போகாது. அத்தகைய சாதனத்தை விற்பதற்கு விற்பவருக்கு உரிமை உண்டா என்பதே முதலிற் கேட்க வேண்டிய கேள்வி.

சிம் அட்டை ஏற்கும் டேப்லெட்டாயின், அதற்கு 15 இலக்கமுள்ள ஐ.எம்.இ.ஐ. எண் ஒன்று உண்டு. சாதனத்தைப் பற்றிய பகுதியில் அதனைக் காணலாம். கே.ஒய்.எம். என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளை எழுதி, ஓர் இடம் விட்டு, அவ்வெண்ணையும் எழுதி, 14422 என்னும் எண்ணுக்குக் குறுஞ்செய்தி அனுப்பினால், அச்சாதனத்தின் விவரமும், திருட்டுப் பொருளென்று தடை செய்யப்பட்டதா என்னும் நிலையும் பதிலாக வரும். மத்திய அரசாங்கத்தின் தொலைத்தொடர்புத் துறை 2023-ஆம் ஆண்டு மே மாதத்தில் 'சஞ்சார் சாத்தி' என்னும் தளத்தின் மூலம் இவ்வசதியை நாடு முழுவதற்கும் விரித்தது. விற்பவரிடமிருந்து பெயர், தேதி, விலை, இந்த எண் ஆகியவற்றோடு ஒரு ரசீதும் எழுதி வாங்கிக்கொள்க. நூறு ரூபாய் நூலுக்கு ரசீது கேட்கும் நாம், நாலாயிரம் ரூபாய்ச் சாதனத்திற்குக் கேட்கக் கூசுவது ஏனென்று விளங்கவில்லை. பூட்டை உடைத்துத் தருவதாகப் பலகை மாட்டியிருக்கும் கடைகளுக்கும் போக வேண்டாம். திருட்டுப் பொருளென்று அறிந்தோ, அவ்வாறு நம்பக் காரணமிருந்தோ வாங்கி வைத்திருப்பது பாரதிய நியாய சன்ஹிதையின் 317-ஆம் பிரிவின்படி குற்றமாகும்.

ரீசெட் எல்லா நோய்க்கும் மருந்தன்று. தேய்ந்த மின்கலம் அதனால் வலுப்பெறாது. விரிசல் கண்ட திரை கூடாது. தேவையற்ற செயலிகள் நிரம்பியதனால் மெதுவாக ஓடிய சாதனம் சற்றுச் சுறுசுறுப்படையும்; அதே செயலிகளைத் திரும்ப ஏற்றினால் பழைய நடையே வந்துவிடும். அடிப்படைப் பதிப்பு மிகப் பழையதாயின், புதுச் செயலிகள் அதில் ஓட மறுக்கும். 2025-ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் வாட்ஸ்அப், ஆண்ட்ராய்டு 4.4-ஆம் பதிப்புச் சாதனங்களைக் கைவிட்டுவிட்டது. ஆகவே வாங்குமுன் பதிப்பை வினவுதல் நன்று. பெயர் அறியாத கம்பெனிகளின் மிக மலிவான சாதனங்களில், ஆலையிலேயே தீய நிரல் புகுத்தப்பட்டிருந்த செய்தி 2023-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. அது அடிப்படை மென்பொருளிலேயே குடியிருப்பதால் ரீசெட் அதனை அகற்றாது. ஆலை நிலைக்குத் திருப்பினால், ஆலையில் சேர்ந்த நோயும் உடன் வரும் அன்றோ?

சங்கங்களின் சாதனங்கள்

இதுவரை அங்கத்தினர்களுக்குக் கூறினோம். சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. பல சங்கங்களில் டேப்லெட் வாங்கியதும், அப்போது பணியிலிருக்கும் குமாஸ்தா தம் சொந்தக் கூகுள் கணக்கைப் போட்டு அதனைத் திறந்து வைக்கிறார். அவர்மீது தவறில்லை, வேறு கணக்கு ஏது? ஆனால் அவர் ஓய்வு பெற்றாலோ, வேறிடம் சென்றாலோ, சங்கத்தின் சொத்து ஒரு தனி மனிதரின் பெயரில் நின்றுவிடுகிறது. நமது அலுவலகத்திலேயே அவ்வாறு ஒரு டேப்லெட் இருந்ததை, அங்கத்தினரின் சாதனத்துக்கு வழி தேடும்போதுதான் நாமே கண்டுகொண்டோம். நூல் வழங்கல் விவரங்களும், அங்கத்தினர்கள் நம்பிக் கொடுத்த வங்கிப் புத்தகப் படங்களும், ஐந்து ஆண்டுகளுக்கு முன் விலகிச் சென்ற ஒருவரின் கணக்கோடு இணைந்திருந்தன. அவர் நேர்மையானவர்; சொன்ன அன்றே வந்து பெயரை எடுத்துக் கொடுத்தார். அவர் வெளியூரில் இருந்திருந்தால், அல்லது காலமாகியிருந்தால், என்ன செய்திருப்போம் என்பதை எண்ணிப் பார்த்தோம்.

பட்டறையின் தறியைக் குமாஸ்தாவின் பெயரில் நாம் எழுதி வைப்பதில்லை. டேப்லெட்டையும் வைக்கலாகாது. சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்கி, சங்கத்தின் தொலைபேசி எண்ணையே அதற்குக் கொடுத்து, கடவுச்சொல்லை உறையிலிட்டு முத்திரை வைத்து இரும்புப் பெட்டியில் வைக்க வேண்டும். காரியதரிசி மாறும்போது சாவிக்கொத்தோடு அவ்வுறையும் கைமாறி, கடவுச்சொல் புதிதாக்கப்படுதல் வேண்டும். இருப்புப் பதிவேட்டில் சாதனத்தின் எண்ணுக்கு எதிரே கணக்கின் பெயரையும் குறித்தல் நலம். சாதனத்தைக் கழித்து விற்பதாகத் தீர்மானித்தால், ரீசெட் செய்யப்பட்டதை நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் நேரில் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். அதனுள் இருப்பது சங்கத்தின் இரகசியம் மட்டுமன்று. அங்கத்தினர்களின் ஆதார் எண்களும் கடன் கணக்குகளுமாகும்.

தை மாதத்துச் சாதனத்தின் கதி என்னவாயிற்று என்று கேட்பீர்கள். கடைக்காரரிடம் நமது காரியதரிசி இருமுறை சென்று, விற்றவரின் பெயரை மட்டுமாவது கூறும்படி வேண்டினார். மூன்றாம் முறை சென்றபோது அவர் தொலைபேசி எண்ணைக் கொடுத்தார். முன்னைய சொந்தக்காரர் பக்கத்துத் தாலுகாவில் கரும்பு பயிரிடுபவர்; மகன் உபயோகித்துத் திரை பூட்டு மறந்துபோனதால் விற்றதாகக் கூறினார். இப்படி ஒரு பூட்டு இருப்பதே அவருக்குத் தெரியாது. கடவுச்சொல்லும் நினைவில்லை. தம் கைபேசி வழியே அதனை மாற்றி, ஒரு நாள் பொறுத்திருந்து, மறுநாள் பேருந்தேறி நேரிலேயே வந்தார். கடவுச்சொல்லை இட்டு, உள்ளே சென்று, தம் கணக்கை நீக்கி, அமைப்புகளின் வழியே மீண்டும் ஒருமுறை அழித்துக் கொடுத்தார். வந்த செலவை அவர் வாங்க மறுத்துவிட்டார். அங்கத்தினர் வீட்டில் உணவருந்திவிட்டு, தறியில் இருந்த சேலையைப் பார்த்துச் சென்றார்.

சங்க அலுவலகத்தில் சனிக்கிழமை பிற்பகலில் ரீசெட் செய்வதற்கு உதவி செய்யப்படும். வரும் அங்கத்தினர்கள் சாதனத்தின் சார்ஜரையும், கணக்கோடு இணைந்த கைபேசியையும் உடன் கொண்டு வருதல் வேண்டும். கடவுச்சொல்லை நமது குமாஸ்தாவிடம் சொல்ல வேண்டியதில்லை. தாங்களே அழுத்துதல் வேண்டும். மின்கலம் உப்பி, பின்புறம் பிளந்து நிற்கும் சாதனங்களை மட்டும் அலுவலகத்துக்குக் கொண்டு வர வேண்டாம். அவற்றைச் சார்ஜரிலும் செருகாமல், குழந்தைகள் கைக்கு எட்டாதபடி தனியே வைத்து, மின்னணுக் கழிவுகளைப் பெற உரிமம் பெற்றோரிடம் ஒப்படைக்க வேண்டும்.